பிரதியும் பந்தியும்: திருநெல்வேலியில் வேதம் வாசிப்பது குறித்து

1

திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய ஆட்கள் கிறிஸ்தவத்தைக் 'கிறிஸ்தவம்' என்று சொல்வதில்லை, 'வேதம்' என்பார்கள். கிறிஸ்தவர் வேதக்காரர். தேவாலயம் வேதக்கோயில். மதம் மாறிய குடும்பத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் 'அவுகல்லாம் வேதத்துல சேந்துட்டாவ' என்பார்கள். பாளையங்கோட்டையிலும் தாமிரபரணிக்குத் தெற்கே நாசரேத், மெய்ஞ்ஞானபுரம், இடையன்குடி என்று தேரிக்காடு வரைக்கும் இந்தச் சொல் பரவிக் கிடந்தது. 'சத்திய வேதம்' என்று முதலில் பெயர் வைத்தவர்கள் மிஷனரிகள்தான். ஆனால் அதை ஊர்ப்பேச்சாக மாற்றியவர்கள் மக்கள்.

இது சின்ன விஷயம் இல்லை. எந்த நூலைக் காதால் கேட்கவும் உரிமை இல்லை என்று விலக்கி வைக்கப்பட்டிருந்தார்களோ, அந்த நூலின் பெயரையே எடுத்து, பனையேறிவிட்டு வந்து விளக்கடியில் எழுத்துக்கூட்டி வாசிக்கிற ஒரு புத்தகத்துக்குச் சூட்டிக்கொள்வது என்பது அதிகாரத்தின் ஒரு சொல்லைக் களவாடிக்கொள்வதுதான். 1715இல் தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு அச்சான பிறகு, வேதம் என்பது காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய பொருளாகவும் ஆயிற்று.

ஆனால் களவாடிய சொல் சும்மா வராது, தன் பழைய குணத்தையும் கூட்டிக்கொண்டு வரும். வேதம் என்றால் கேள்வி கேட்கக்கூடாதது, அதற்குப் பொருள் சொல்ல உரியவர் ஒருவர் இருக்கிறார், மற்றவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியவர்கள் என்கிற அமைப்பும் அந்தச் சொல்லோடு சேர்ந்து சபைக்குள் வந்துவிட்டது. இன்றைக்கும் ஒரு வாக்குவாதத்தை முடித்துவைக்க 'வேதம் இப்படித்தான் சொல்லுது' என்ற ஒரு வாக்கியம் போதும். இந்த வாக்கியத்தின் எழுவாயைக் கவனியுங்கள். வாசித்தவன் அதில் இல்லை. புத்தகமே வாய் திறந்து பேசியதாக ஆகிவிடுகிறது. வாசித்தவனின் சாதி, அவன் ஆணா பெண்ணா, அவனுக்குச் சம்பளம் தருவது யார் என்பதெல்லாம் ஒரேயடியாக மறைந்துபோகின்றன. விவிலியத்தை அறநூல் என்று கொண்டாடுபவர்களும் அடிமைத்தன நூல் என்று தூற்றுபவர்களும் இந்த எழுவாயை மாற்றாமலேயே பேசுகிறார்கள் என்பது என் எண்ணம். இந்த மாவட்டத்தின் சில வழக்குகளை வைத்து இதைப் பார்க்கலாம்.

2

திருநெல்வேலி புராட்டஸ்டன்ட் சபையின் தொடக்கம் ஒரு பெண்ணிடமிருந்து வருகிறது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமண விதவை ஒருவர் லிட்டில்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரியோடு பாளையங்கோட்டையில் வாழ்ந்தார். அவர் ஞானஸ்நானம் கேட்டபோது ஷ்வார்ட்ஸ் மறுத்தார். முறையான திருமணம் இல்லை என்பதே காரணம். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778இல்தான் ஞானஸ்நானம் கொடுத்தார். அவர்தான் கிளாரிந்தா. 1780இன் சபைப் பதிவேட்டில் நாற்பது பேரின் பெயர் இருக்கிறது, தலைப்பில் கிளாரிந்தா. 1785இல் பாளையங்கோட்டையில் அவர் கட்டிய கோயிலை ஊர் 'பாப்பாத்தி அம்மா கோயில்' என்றே சொல்லிவந்தது.

ஷ்வார்ட்ஸ் நல்ல மனிதர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு விதவையின் வீட்டுக்குள் போய்க் கேள்வி கேட்ட அதே கண்டிப்பு, அவர் காலத்துத் தஞ்சாவூர்ச் சபையில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்தவர்களிடம் அவ்வளவு கடுமையாகப் போகவில்லை. அது 'நாட்டு வழக்கம்' என்று பொறுத்துக்கொள்ளப்பட்டது. ஒழுக்கம் வேறு, அறம் வேறு என்று நாம் பிரித்துப் பேச வேண்டிய இடம் இதுதான். யாரோடு படுக்கிறாய் என்பது பாவத்தின் பட்டியலில் முதலிலேயே ஏறிவிட்டது. யாரோடு சாப்பிட மறுக்கிறாய் என்பது அந்தப் பட்டியலுக்குள் நுழைய இன்னும் ஐம்பது வருஷம் ஆயிற்று.

1820இல் ரேனியுஸ் பாளையங்கோட்டைக்கு வந்தார். ஜெர்மானியர். மாணவர்கள் சாதி பார்க்காமல் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றார். வேளாள மாணவர்கள் தரப்பில் எதிர்ப்புக் கிளம்பியது. அதே ரேனியுஸ்தான் பப்ரிஷியுஸின் பழைய மொழிபெயர்ப்பைத் திருத்தி, சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற தமிழில் புதிய ஏற்பாட்டைக் கொண்டுவர உழைத்தார். எதிர்த்தவர்களில் முக்கியமானவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து ஷ்வார்ட்ஸின் கையில் வளர்ந்த பெருங்கவிஞர். புதிய மிஷனரிகள் மேல் அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் 1820களின் கடைசியில் வைத்த குற்றச்சாட்டுகள் நான்கு: வேதத்தின் வாசகத்தை மாற்றுகிறார்கள், சாதிகளைக் கலக்கச் சொல்கிறார்கள், பண்டிகையிலும் கல்யாணத்திலும் பூவை விலக்குகிறார்கள், தமிழ்ப் பாட்டையும் வாத்தியத்தையும் தடுக்கிறார்கள்.

இந்த நான்கையும் ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். பூவையும் பாட்டையும் காப்பாற்ற நின்றவரை இன்று காலனியப் பண்பாட்டு ஒடுக்குமுறையை எதிர்த்த சுதேசிக் குரல் என்று நாம் எடுத்துக்கொள்ளலாம், அது உண்மையும்கூட. ஆனால் அதே மனுவில், அதே மூச்சில், கூட உட்கார்ந்து சாப்பிட மாட்டோம் என்பதும் இருக்கிறது. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துப்போட முடியாது. பந்தியைத் தனியாகப் போட்ட அதே கை பழைய வாசகத்தையும் பிடித்துக்கொண்டது. மொழிபெயர்ப்புச் சண்டை வெறும் சொல்லாராய்ச்சி இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கத்தோலிக்கர் பக்கம் இந்த விளக்கவுரை செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் எழுதப்பட்டது. வள்ளியூரை அடுத்த வடக்கன்குளத்தில் 1872இல் எழும்பிய கோயிலுக்குக் கால்சட்டையைப் போல இரண்டு கால்கள். ஒன்றில் வேளாளரும் அவர்களைச் சேர்ந்தவர்களும், மற்றதில் நாடார்களும். இரண்டும் பீடத்தில் வந்து சேரும். எல்லோரும் பீடத்தைப் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. 1910இல் அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று. கோயிலுக்குள் சாதிக்குத் தனியுரிமை கிடையாது என்று தீர்ப்பு வந்தது. இதை ஆ. சிவசுப்பிரமணியன் தன் 'கிறித்தவமும் சாதியும்' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். நற்செய்தியிலிருந்தே கிடைத்திருக்க வேண்டிய ஒரு முடிவுக்கு வெள்ளைக்காரன் கோர்ட்டின் முத்திரை தேவைப்பட்டது.

3

இப்போது நம் வாசகர்களுக்கு மிகவும் பிடித்தமானவராக இருக்கக்கூடிய ஒருவரிடம் வருகிறேன். அருமைநாயகம் என்கிற சட்டாம்பிள்ளை. நாசரேத்தில் மிஷனில் உபதேசியாராக இருந்தவர். அங்கிருந்த மிஷனரியோடு மோதி வெளியேறினார். 1849இல் வெளியான கால்டுவெல்லின் 'திருநெல்வேலிச் சாணார்கள்' என்ற ஆங்கில நூல் தம் மக்களை எப்படி இழித்து எழுதியிருக்கிறது என்பதை ஊருக்குத் தெரியச் செய்தவர்களில் அவர் முக்கியமானவர். 1857இல் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் இந்து ஏக ரட்சகர் சபையைத் தொடங்கினார். மிஷனின் பணம் வேண்டாம், பிஷப் வேண்டாம், வெள்ளைக்காரனின் பூசைமுறையும் வேண்டாம் என்றார்.

அவருடைய வாதம் கெட்டிக்காரத்தனமானது. கிறிஸ்தவம் கீழைத்தேசத்து மதம், ஐரோப்பியர் அதைக் கெடுத்துவிட்டார்கள். மூலத்துக்குப் போக வேண்டுமானால் யூதர்களின் பழைய ஏற்பாட்டுக்குப் போக வேண்டும். போனார். ஓய்வுநாள் சனிக்கிழமை ஆயிற்று. மணிக்குப் பதில் எக்காளம். தூபம் வந்தது. சாஷ்டாங்கமாக விழுந்து கும்பிடுவது வந்தது. மிஷனரி 'அஞ்ஞான வழக்கம்' என்று துரத்தியதையெல்லாம் மிஷனரியின் புத்தகத்தைக் கொண்டே உள்ளே அழைத்துவந்தார். ஐரோப்பியரின் ஒழுக்கத்தைத் தாக்கியும் எழுதினார். அதிகாரத்தின் பிரதியை அதன் விளிம்பிலிருந்து வாசித்து அதிகாரத்துக்கு எதிராகவே திருப்பிவிடுவது என்று நாம் கோட்பாட்டில் பேசுவதை, ஃபூக்கோவும் தெரிதாவும் பிறப்பதற்கு முன்பே, தேரிக்காட்டில் ஒரு மனிதன் செய்து காட்டியிருக்கிறான்.

இந்த இடத்தில் கைதட்டிவிட்டு நிறுத்திக்கொள்வதுதான் நம் வழக்கம். நான் நிறுத்த விரும்பவில்லை. லேவியராகமத்தைத் திறந்தால் ஓய்வுநாளும் தூபமும் மட்டும் வராது. பதினைந்தாம் அதிகாரமும் வரும்: மாதவிலக்கான பெண் ஏழு நாள் தீட்டு, அவள் உட்கார்ந்த இடம் தீட்டு, அதைத் தொட்டவன் தீட்டு. சட்டாம்பிள்ளையின் சபையில் மாதவிலக்கு நாட்களின் விலக்கமும் வேதக் கட்டளையாக வந்து சேர்ந்தது. வீட்டு வழக்கமாக இருந்தது தெய்வ வாக்காக உயர்ந்தது. அதே காலத்தில் கால்டுவெல்லுக்கு மறுப்பாக எழுந்த எழுத்துகளில் 'நாங்கள் தாழ்ந்தவர்கள் இல்லை' என்ற நியாயமான கோபம், 'நாங்கள் சத்திரியர்கள்' என்ற உரிமைகோரலாக மாறியது. தாழ்த்தி எழுதியவனுக்குப் பதில் சொல்லும்போது தாழ்வு என்ற ஏணியையே உடைக்காமல், தன் படியை மட்டும் மேலே நகர்த்திக்கொள்வது.

அப்படியானால் சட்டாம்பிள்ளையின் வாசிப்பு விடுதலை வாசிப்பா, ஒடுக்கும் வாசிப்பா? ஒரு நாசரேத் ஆணாக, வெள்ளைக் குருவின் எதிரில் நின்று பார்த்தால் விடுதலை. அதே வீட்டில் கொல்லைப்புறத்தில் ஏழு நாள் உட்கார்ந்திருந்த பெண்ணின் இடத்திலிருந்து பார்த்தால் பழைய சுவருக்குப் புதிய காரை. எதிர்-வாசிப்பு என்பதாலேயே ஒரு வாசிப்பு அறமுள்ளதாகிவிடாது. விளிம்புக்கும் ஒரு விளிம்பு உண்டு.

4

இங்கே ஒரு தோழர் கேட்பார்: பிரதிக்கு நிலையான அர்த்தம் கிடையாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அப்படியானால் சாஸ்திரியாரின் வாசிப்பு, ரேனியுஸின் வாசிப்பு, சட்டாம்பிள்ளையின் வாசிப்பு எல்லாம் ஒன்றுதானே? எதைக் கொண்டு ஒன்றைச் சரி, ஒன்றைத் தவறு என்கிறீர்கள்?

நியாயமான கேள்வி. பிரதிக்குள்ளிருந்தே பதில் எடுத்துவிடலாம் என்று நான் நம்பவில்லை. பவுலையே எடுத்துக்கொள்வோம். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து பந்தியை விட்டு விலகினான். பவுல் அவனை எல்லோர் முன்னாலும் முகத்துக்கு நேரே கண்டித்தான். இது கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. பாளையங்கோட்டை மாணவர் விடுதிக்கென்றே எழுதியது போலத்தான் இருக்கும். ஆனால் அடிமைகளே எஜமானருக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற உபதேசமும் சபையில் பெண்கள் பேச வேண்டாம் என்பதும் பவுலின் பெயரால்தான் வருகின்றன. எந்தப் பவுலை வாசிப்பது என்பதைப் பவுல் சொல்லித்தர மாட்டான்.

ஹவர்ட் தர்மன் என்ற கறுப்பின இறையியலாளர் 1935இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்தவர். அவருடைய பாட்டி ஃப்ளோரிடாவில் அடிமையாகப் பிறந்தவள். எழுதப் படிக்கத் தெரியாது. பேரன்தான் அவளுக்கு விவிலியம் வாசித்துக் காட்டுவான். பவுலின் நிருபங்களை மட்டும் வாசிக்க விடமாட்டாள். அன்பைப் பற்றிய ஒரு அதிகாரத்துக்கு மட்டும் எப்போதாவது அனுமதி. ஏன் என்று பின்னால் ஒருநாள் கேட்டதற்கு அவள் சொன்ன காரணம்: அடிமைக் காலத்தில் எஜமானனின் பாதிரி வந்து, எஜமானருக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற பவுலின் வாக்கியத்தையே பிரசங்கித்துக்கொண்டிருப்பான், விடுதலை கிடைத்தால் அந்தப் பகுதியை வாசிக்க மாட்டேன் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள். 1949இல் வந்த தன் நூலில் தர்மன் இதை எழுதியிருக்கிறார்.

எழுத்தறியாத அந்தப் பாட்டியை நான் ஒரு பெரிய விளக்கவுரையாளராக எண்ணுகிறேன். அவள் வேதத்தை விட்டு ஓடவில்லை. வாரந்தோறும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். அதே சமயம், வேதம் சொல்கிறது என்பதால் ஒன்றை ஏற்றுக்கொள்ளவும் இல்லை. தன் முதுகில் விழுந்த அடியை அளவுகோலாக வைத்துக்கொண்டு, இது எனக்கு வேதம், இது வேதமில்லை என்று பிரித்தாள். அவளுடைய அறம் அவளுடைய வாசிப்புக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தது. எல்லோருக்கும் அப்படித்தான். வித்தியாசம் என்னவென்றால், அவள் தன் தீர்மானத்தைத் தன் பெயரில் சொன்னாள். மற்றவர்கள் தங்கள் தீர்மானத்தை வேதத்தின் பெயரில் சொல்கிறார்கள்.

5

சில வருஷங்களுக்கு முன் ஆற்றுக்கு வடக்கே, பீடி சுற்றுகிற ஒரு ஊரில், பெண்கள் ஜெபக்கூட்டத்தில் பேசப் போயிருந்தேன். மாற்கு ஐந்தாம் அதிகாரம்: பன்னிரண்டு வருஷம் உதிரம் போய்க்கொண்டிருந்த பெண், வைத்தியர்களிடம் கையிலிருந்ததெல்லாம் செலவழித்தவள், கூட்டத்துக்குள் பின்னால் வந்து இயேசுவின் உடையைத் தொடுகிற கதை. லேவியராகமச் சட்டப்படி அவள் தீட்டு, அவள் தொட்டவரும் தீட்டு என்றெல்லாம் நான் பின்னணி விளக்கிக்கொண்டிருந்தேன். பீடித்தட்டை மடியிலிருந்து இறக்காமல் கேட்டுக்கொண்டிருந்த ஒரு ஆச்சி சொன்னாள்:

"நீங்க படிச்சவுக, சொல்லுதிய. அவளுக்குச் சட்டம் தெரியாமலா இருந்திருக்கும்? நல்லாத் தெரியும். கேட்டுட்டுப் போயிருந்தான்னா விட்டிருப்பாவளா? அதான் கேக்காமப் போயித் தொட்டுட்டா."

பக்கத்திலிருந்தவள் சேர்த்துக்கொண்டாள்: "பன்னெண்டு வருசம்னா சும்மாவா? பெரும்பாடு."

1871இல் வெளிவந்து இன்றும் தென்மாவட்டத்துச் சபைகளில் வாசிக்கப்படுகிற பழைய மொழிபெயர்ப்பு அந்த நோயைப் பெரும்பாடு என்றே சொல்கிறது. அது சித்த வைத்தியத்தில் நோயின் பெயர். பேச்சில் அது பெரிய பாடு, படாத பாடு. அந்தப் பெண்கள் இரண்டையும் ஒன்றாகவே கேட்கிறார்கள். 1995இல் எல்லாச் சபைகளும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியம் இதை இரத்தப்போக்கு என்று சரியாகத் திருத்திவிட்டது. மருத்துவப்படி அது துல்லியம்தான். ஆனால் பீடித்தட்டுக்கும் அந்தக் கதைக்கும் நடுவே இருந்த ஒரு கதவு அதில் சாத்திக்கொண்டது. பப்ரிஷியுஸின் பராபரன் 1871இல் தேவன் ஆகி, 1995இல் கடவுள் ஆன வரலாற்றை நம் ஆய்வாளர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். கடவுளின் பெயருக்குக் கிடைத்த கவனத்தில் பாதியாவது ஒரு பெண்ணின் நோயின் பெயருக்குக் கிடைத்திருக்கலாம்.

அந்த ஆச்சி சொன்னதற்கு வருவோம். சட்டத்தைப் படித்தவர்கள் சட்டத்துக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் பொருளைக் கையால் மாற்றினாள். அவள் தொட்டதால் இயேசு தீட்டாகவில்லை, அவள் சுகமானாள் என்று கதை போகிறது. தொட்டது யார் என்று அவர் கேட்டதும், நடுங்கிக்கொண்டே முன்னால் வந்து, எல்லார் முன்னிலையிலும் உண்மை முழுவதையும் சொன்னாள். நான்தான் தொட்டேன் என்றாள். 'வேதம் அனுமதிக்கிறது' என்று சொல்லி ஒளிந்துகொள்ளவில்லை. இந்தக் கதை சபைகளில் வருஷாவருஷம் வாசிக்கப்படுகிறது. 'அந்த நாட்களில்' நற்கருணைக்கு முன்னால் வராமல் பின்பெஞ்சில் இருந்துகொள்கிற பெண்களும் அதே சபைகளில் இருக்கிறார்கள். யாரும் தடுக்கவில்லை என்பார்கள். தடுக்க ஆள் வேண்டாத அளவுக்குப் பதினைந்தாம் அதிகாரம் உடம்புக்குள் போய்விட்டது.

6

இதையெல்லாம் பார்த்துவிட்டு, புத்தகத்தையே தூக்கிப்போட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்கிற தோழர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நாம் போட்டுவிட்டுப் போகிற புத்தகம் தரையில் கிடக்காது. சுவர் கட்டுகிறவன் எடுத்துக்கொள்வான். அந்த ஆச்சிக்கு அந்த ஒரு கதையைத் தவிர வேறு எந்தக் கோட்பாட்டு நூலும் கையில் இல்லை.

நான் இன்னும் வேதக்காரன்தான். எந்த வாசிப்பை ஏற்பது என்பதற்கு நான் வைத்திருக்கிற அளவுகோல் எளிமையானது, கோட்பாட்டாளர்களுக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கலாம்: அந்த வாசிப்பு முடிந்ததும் பந்தியில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பாடல்களும் வழிபாடும் உருவாக்கிய தியாபிலஸ் அப்பாவு என்கிற பறட்டை, 'ஒரே உலை' என்பதைத் தன் இறையியலின் நடுவில் வைத்தார். 2005இல் அவர் இறந்தார். அவருடைய பறையையும் நாட்டுப்புற மெட்டுகளையும் வியந்து பேசுகிறவர்கள், உலையைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. பறையைக் கோயிலுக்குள் கொண்டுவருவதை விடச் சோற்றை ஒன்றாக வடிப்பது கஷ்டம்.

நம் ஊர்க் கோயில்களில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு அசனம் போடுவார்கள். ஊரே சாப்பிடும், பக்கத்து ஊர் இந்துக்களும் வருவார்கள். நல்ல வழக்கம். அங்கே போகிறபோது கவனிக்க வேண்டியவை சில உண்டு. அரிசி யார் வீட்டிலிருந்து வாங்கப்பட்டது, யார் வீட்டு நன்கொடை தனியாக வைக்கப்பட்டது. கரண்டி யார் கையில், எச்சில் இலை யார் கையில். முதல் பந்தியில் யார், பெண்கள் எத்தனையாவது பந்தியில். ஊருக்கு வெளியே உள்ள தெருவிலிருந்து வந்து சபையில் சேர்ந்தவர்கள் இலை போட்டு உட்கார்ந்தார்களா, தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போனார்களா. ஒரு சபை வேதத்தை எப்படி வாசிக்கிறது என்று தெரிந்துகொள்ள அதன் பிரசங்கத்தைக் கேட்க வேண்டியதில்லை, இதைப் பார்த்தால் போதும். யாராவது 'வேதம் இப்படித்தான் சொல்லுது' என்று ஆரம்பித்தால், எத்தனையாவது பந்தியில் உட்கார்ந்து வாசித்தீர்கள் என்று கேட்கலாம். வேளாள மாணவர்களிடம் ரேனியுஸ் கேட்டதும் பேதுருவிடம் பவுல் கேட்டதும் ஏறத்தாழ அதே கேள்விதான். இன்னும் எல்லா ஊரிலும் அதற்குப் பதில் வந்துவிடவில்லை.